ஒரு கை மட்டும் பாக்கி!

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த யாரிடமாவது, ‘இப்போ என்ன பின்னிட்டு இருக்கீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வராது. விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும், கணவருக்குக் கையில்லாத ஸ்வெட்டர், தங்கைக்கு மஃப்ளர், தனக்கென்று ஒரு சால்வை என்று பட்டியல் நீளும். ‘இதில் எது முடிந்தது?’ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அங்கேதான் பேச்சு மாறும்.

ஒரே நேரத்தில் நான்கைந்து வேலைகளைத் தொடங்கி வைப்பது பின்னுகிறவர்களின் பொதுவான பழக்கம். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து, ‘எடுத்ததை முடிக்காம இன்னொண்ணு எதுக்கு?’ என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால், இதில் ஒரு நியாயமும் உண்டு. டி.வி பார்த்துக்கொண்டே பின்ன ஒரு வேலை வேண்டும். அதில் கை தானாக ஓட வேண்டும், கண்ணை எடுக்கலாம். வரிசைக்கு வரிசை கணக்கு வைத்துப் பின்னும் டிசைன் என்றால், வீடு அமைதியாக இருக்கும் நேரம் வேண்டும். பஸ் பயணத்துக்கும் டாக்டரின் கிளினிக்கில் காத்திருப்பதற்கும் கைப்பைக்குள் அடங்குகிற தொப்பியோ காலுறையோதான் சரி. ஆக, மூன்று விதமான நேரத்துக்கு மூன்று விதமான வேலை.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், பிரிட்டனைச் சேர்ந்த டைவிங் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. தான் வென்ற தங்கப் பதக்கம் கீறல் விழாமல் இருக்க அவர் ஒரு குட்டி உறையும் பின்னியிருந்தார். காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டாம் என்பது ஒலிம்பிக் வீரருக்கும் ஒன்றுதான், ஊட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கும் ஒன்றுதான்.

தொடங்குவதில் சிக்கல் இல்லை. சிக்கல், முடிப்பதில்.

கை வரும்போது ஏன் நிற்கிறது?

பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். அவை எங்கேயோ ஓர் இடத்தில் நிற்பதில்லை. பெரும்பாலும் பின்பக்கமும் முன்பக்கமும் முடிந்திருக்கும்; கை பாக்கி இருக்கும். அல்லது எல்லாத் துண்டுகளும் முடிந்து, இணைக்காமல் கிடக்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நடுத்தர கனமுள்ள நூலில், எட்டாம் நம்பர் ஊசியில் பின்னினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 22 கண்ணிகளும், அதே உயரத்துக்குச் சுமார் 28 வரிசைகளும் வரும். 90 சென்டிமீட்டர் மார்பளவுள்ள ஒரு ஸ்வெட்டரின் பின்பக்கத்துக்கு ஏறக்குறைய 100 கண்ணிகள், 155 வரிசைகள். அதாவது பதினைந்தாயிரத்துக்கும் மேல் கண்ணிகள். முன்பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்த இரண்டும் முடிந்ததும், ‘அப்பாடா, ஸ்வெட்டர் முடிந்தது’ என்று மனம் சொல்லிவிடுகிறது. ஆனால், மணிக்கட்டில் தொடங்கி அகலமாகிக்கொண்டே போகும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அவையும் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். பார்க்கச் சின்னதாகத் தெரியும் கைகளில்தான் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது.

ஒரு கையைப் பின்னி முடித்தவருக்கு, அதையே மறுபடி முதலிலிருந்து பின்னுவதில் புதுமை எதுவும் இல்லை. என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடையில் புது நிற நூல் கண்ணில் படும். அவ்வளவுதான், அடுத்த பை தொடங்கிவிடும்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பின்னுகிறவர்கள் இதற்கெல்லாம் பெயரே வைத்திருக்கிறார்கள். புதிது புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருப்பதை ‘ஸ்டார்ட்டைட்டிஸ்’ என்று காய்ச்சலைப் போலச் சொல்வார்கள். ஒற்றைக் காலுறையோடு நின்றுபோவது ‘செகண்ட் சாக் சிண்ட்ரோம்’. ஸ்வெட்டரின் கையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிப்பது ‘ஸ்லீவ் ஐலண்ட்’, அதாவது ‘கைத் தீவு’. பின்னியதைப் பிரித்து எடுப்பதற்கு ‘ஃபிராகிங்’. ‘ரிப் இட், ரிப் இட்’ என்று சொல்லிப் பிரிப்பது தவளை கத்துவது போல இருக்கிறதாம்! கேலியாகச் சொன்னாலும், கைத் தீவில் நிற்கும் ஒரு ஸ்வெட்டருக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருக்கிறார். அது யாருக்காகவோ தொடங்கப்பட்டது.

ஒரு மாமியார், ஒரு மருமகள், ஆறு பைகள்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் ஸ்வெட்டர் என்பது அலங்காரம் அல்ல, அவசியம். டிசம்பர், ஜனவரியில் காலை எழுந்ததும் கை முதலில் தேடுவது அதைத்தான். இந்த ஊரில் ஒரு வீடு. மாமியாருக்கு 80 வயது. மருமகளுக்கு 52, பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை. இருவருக்கும் நிட்டிங் தெரியும். மருமகளுக்குக் கற்றுக்கொடுத்ததே மாமியார்தான். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் ஊசியைக் கையில் கொடுத்து, ‘சும்மா உட்கார்ந்தா இன்னும் குளிரும் கண்ணு’ என்று தொடங்கி வைத்தது.

மருமகளின் அலமாரியில் ஐந்து கட்டைப்பைகள் இருந்தன. கணவருக்குத் தொடங்கிய கையில்லாத ஸ்வெட்டர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு செட், ஒரு சால்வை, ஒரு மஃப்ளர், நூல் பிடித்துப்போய் எதற்கென்றே தெரியாமல் ஆரம்பித்த ஒன்று. பக்கத்து வீட்டுக் குழந்தை இதற்குள் நடக்கவே ஆரம்பித்துவிட்டது.

ஆறாவது பை மாமியாருடையது. அதில் மெரூன் நிறத்தில் ஒரு கார்டிகன், பேத்திக்காக. பின்பக்கம், இரண்டு முன்பக்கம், ஒரு கை. இன்னொரு கைக்குக் கண்ணிகூடப் போடவில்லை. விரல் மூட்டுகள் இறுகிப்போய் ஊசியைப் பிடிக்க முடியாமல் இரண்டு வருடங்களுக்கு முன்பு அது நின்றுவிட்டது. ‘குளிர் குறையட்டும், பார்க்கலாம்’ என்று எடுத்து வைத்தார். குளிர் குறைந்தது. விரல்கள் இளகவில்லை.

அந்தப் பையை மருமகள் தொடவில்லை. மறந்ததால் அல்ல. ‘நான் முடிச்சுத் தரட்டுமா அத்தை?’ என்று கேட்டால், ‘இனிமேல் உங்களால் முடியாது’ என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். மாமியாரும் கேட்கவில்லை. மருமகளிடம் ஏற்கெனவே ஐந்து வேலைகள் கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் நினைத்துப் பேசாமல் இருந்ததில், கார்டிகன் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது.

இதற்கிடையில், பேத்திக்கு டெல்லியில் கல்லூரி இடம் கிடைத்தது. டெல்லியின் டிசம்பரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு நாள் மதியம் மாமியார் அந்தப் பையை மடியில் வைத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்ததை மருமகள் சமையலறையிலிருந்து பார்த்தார்.

அன்று மாலை அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. “அத்தை, இந்தக் கைக்கு எத்தனை கண்ணி போட்டீங்க?”

“நாப்பத்தெட்டு. பார்டருக்குப் பதினொண்ணாம் நம்பர். அப்புறம் ஒம்பது. எட்டு வரிசைக்கு ஒரு தடவை ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு ஏத்து.”

எழுதி வைத்த சீட்டு எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்தும் ஒரு எண்கூட மறக்கவில்லை. சம்மதம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கை தொடங்கிவிட்டது.

ஒரே நம்பர் ஊசி, வேறு வேறு கை

அடுத்தவர் தொடங்கியதை முடிப்பது, தன் வேலையை முடிப்பதைவிடக் கடினம். கையெழுத்து போலவே ஒவ்வொருவரின் பின்னலுக்கும் ஓர் இறுக்கம் உண்டு. நூலை விரலில் எத்தனை சுற்று சுற்றுகிறார், எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறார் என்பதில் அது மாறும். அதே நூல், அதே ஊசி, அதே கண்ணி எண்ணிக்கை என்றாலும் துணியின் அகலம் மாறிவிடும்.

மாமியார் இறுக்கமாகப் பின்னுகிறவர். 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணிகள். மருமகளின் கை தளர்வு. அதே ஊசியில் 22. கேட்க இரண்டு கண்ணி வித்தியாசம்தான். ஆனால், 76 கண்ணிகள் வரும் மேல்கையில் ஒன்று 32 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இன்னொன்று 34 சென்டிமீட்டருக்கு மேலாகவும் இருக்கும். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். போட்டுக்கொண்டால் ஒரு கை பிடித்து நிற்கும், மறு கை தொங்கும்.

முதல் பதினைந்து சென்டிமீட்டர் வந்ததும் மாமியார் வாங்கிப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு தடவு. “தொளதொளன்னு இருக்கு கண்ணு. பிரிச்சிடு. பத்தாம் நம்பர்ல போடு.”

ஊசி நம்பரில் ஒரு விநோதம் உண்டு. இங்கே புழங்கும் அளவில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். எட்டு என்றால் 4 மில்லிமீட்டர், ஒன்பது 3.75, பத்து 3.25. தளர்வாகப் பின்னுகிறவர் மெலிந்த ஊசிக்கு மாறினால் கண்ணி சிறிதாகி இறுக்கம் கூடும். அடுத்தவர் வேலையை முடிக்க எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உள்ளங்கை அளவு ஒரு சதுரம் பின்னி, பழைய துண்டின் மேல் வைத்துக் கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் நூலை மாற்ற வேண்டாம், கையை மாற்றவும் முடியாது. ஊசியை மாற்றலாம்.

இரண்டாவது சிக்கல் நூல். இரண்டு உருண்டைகள்தான் மிச்சம். கைக்கு அது போதும். பட்டன் பட்டிக்கும் கழுத்துக்கும் பத்தாது. கடையில் மெரூன் இருந்தது. ஆனால், அதே மெரூன் இல்லை. சாயம் போடும் ஒவ்வொரு தடவையும் நிறம் மயிரிழை மாறும். அதனால்தான் நூல் உருண்டையின் லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் போட்டிருப்பார்கள். கடை வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியும் இரண்டு லாட்டுகள், வெயிலில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். மருமகள் கடைக்காரரிடம் சாம்பல் நிறம் கேட்டார். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறத்தை வைத்து ஒட்டுப்போட்டது போல ஆக்குவதைவிட, பட்டியும் கழுத்தும் வேறு நிறம் என்று வெளிப்படையாகவே வைத்துவிடலாம். பழைய துண்டுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது முதலிலேயே திட்டமிட்ட டிசைன் போல இருந்தது. “இதுக்குத்தான் நூலை மொத்தமா வாங்கணும்னு சொல்றது” என்று மாமியார் ஒரு குட்டு வைத்தார். வாங்கியது அவர்தான் என்பதை மருமகள் நினைவுபடுத்தவில்லை.

கை இரண்டு முறை பிரிக்கப்பட்டு, மூன்றாவது முறை சரியாக வந்தது. துண்டுகளைப் பொருத்தி ஊக்கு குத்தும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். வரிசைக்கு வரிசை பொருந்துகிறதா என்று பார்க்க விரல் வளைய வேண்டியதில்லை, கண் போதும். பட்டனும் அவர் தேர்வுதான். பேத்தி கிளம்புவதற்கு முந்தைய வாரம் கார்டிகன் தயார்.

“எந்தக் கை நீங்க போட்டது பாட்டி?” என்று கேட்டாள் பேத்தி.

“நீயே கண்டுபிடி” என்றார் பாட்டி. அவள் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தப்பான கையைக் காட்டினாள். மாமியாரும் மருமகளும் திருத்தவில்லை.

தெரியாதவர் முடித்துக் கொடுக்கும் போர்வை

குன்னூர் வீட்டில் தொடங்கியவர் பக்கத்திலேயே இருந்தார். நம்பர் கேட்க முடிந்தது, திட்டு வாங்க முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை. பின்னிக்கொண்டிருந்தவர் இறந்த பிறகு, ஊசியோடு அப்படியே நிற்கும் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் பல குடும்பங்கள் வைத்திருக்கின்றன. பின்னத் தெரியாது; தூக்கிப் போடவும் மனம் வராது.

அமெரிக்காவில் மேஸி கேப்லன், ஜென் சிமோனிக் என்ற இரண்டு தோழிகள் 2022-ல் இதற்காகவே ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய தோழி ஒருவரின் அம்மா இறந்தபோது பாதியில் நின்ற போர்வைகளைப் பார்த்ததுதான் தொடக்கம். இறந்தவரோ, உடல்நலம் குன்றிப் பின்ன முடியாமல் போனவரோ விட்டுச்சென்ற வேலையைக் குடும்பத்தினர் தெரிவித்தால், அந்த வகைப் பின்னல் தெரிந்த ஒரு தன்னார்வலரிடம் அதைச் சேர்க்கிறார்கள். அவர் கூலி வாங்காமல் முடித்துக் கொடுக்கிறார். ஸ்வெட்டர், குரோஷா, எம்ப்ராய்டரி, குயில்ட் என்று எல்லா வகைக் கைவேலைகளும் வருகின்றன. பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் முடித்துக் கொடுப்பவர்களாகப் பதிந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டில் அரைகுறையாகக் கிடப்பதை முடிக்காதவர்கள்கூட, முகம் தெரியாத ஒருவரின் அம்மா விட்டுச்சென்ற போர்வையை முடிக்க உட்கார்கிறார்கள்.

வேறு வேறு கைகள் சேர்ந்து ஒரு துணியை முடிப்பது நம் ஊருக்கும் புதிதில்லை. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் குரோஷா போர்வை ஒன்றை விரித்து, உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வை என்ற கின்னஸ் சாதனையைப் படைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் அவரவர் வீட்டில் போட்ட சதுரங்களை இணைத்த போர்வை அது. ஒவ்வொருவருக்கும் அவர் முடிக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்று தெரியும், என்றைக்குள் என்றும் தெரியும். முடிந்தது.

வீட்டு அலமாரியில் கிடக்கும் பைகளுக்கு இல்லாதது அந்த இரண்டும்தான்.

மீதி ஐந்து பைகள் என்ன ஆயின?

கார்டிகன் டெல்லிக்குப் போன பிறகு, மருமகள் தன் ஐந்து பைகளையும் கட்டிலில் கொட்டினார். ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டே கேள்விகள். இது யாருக்கு? அவருக்கு இது இன்னும் பொருந்துமா?

கணவரின் ஸ்வெட்டர் அளவெடுத்தபோது இருந்த இடுப்பு இப்போது இல்லை. பிரிக்க வேண்டியதுதான். குழந்தை செட், அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஆனால், உறவில் இன்னொரு குழந்தை கார்த்திகையில் பிறக்கப்போகிறது. அது முதல் வரிசைக்கு வந்தது. மஃப்ளருக்கு அரை மணி நேர வேலைதான் பாக்கி. அன்றே முடிந்தது. சால்வைக்கு அவசரமில்லை, ராத்திரி டி.விக்கு அது. எதற்கென்று தெரியாமல் தொடங்கியதற்குக் கடைசி வரை காரணம் கிடைக்கவில்லை. அதுவும் உருண்டையாகச் சுற்றப்பட்டது.

பிரிப்பதை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தைத்த துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னல் அப்படியல்ல. ஒற்றை நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு நிற்பதுதான் பின்னல். திருப்பூர் பனியனும் அடிப்படையில் இதே கண்ணி அமைப்புதான். இயந்திரம் பின்னுகிறது என்பதுதான் வித்தியாசம். முனையைப் பிடித்து இழுத்தால் துணி மறுபடி நூலாகிவிடும். சுருள் சுருளாக வரும் அந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால், கம்பளி நூலின் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும். செலவழிந்த நேரம் திரும்ப வராது, உண்மைதான். பொருந்தாத ஸ்வெட்டரை முடிக்க இன்னும் நேரம் செலவழிப்பதில் மட்டும் என்ன லாபம்?

குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் உரியதை முன்னால் எடுக்க வேண்டும். ஒருவர் வளர்ந்துவிடுவார். இன்னொருவருக்காகக் குளிர்காலம் காத்திருக்காது. மற்றவர்களுக்கு அடுத்த வருடமும் அதே அளவுதான்.

நான்கைந்து வேலை இருந்தாலும் குழம்பாமல் இருக்க

பைக்கு ஒரு சீட்டு: யாருக்கு, என்றைக்குள், எந்த நம்பர் ஊசி, எத்தனை கண்ணி, எந்த வரிசையில் நிற்கிறது என்று எழுதி உள்ளேயே வையுங்கள். 80 வயதிலும் எண்ணை மறக்காத மாமியார் எல்லோர் வீட்டிலும் இருக்க மாட்டார். உங்களுக்குப் பதில் வேறொருவர் முடிக்க நேர்ந்தாலும் அந்தச் சீட்டு பேசும். நூலின் லேபிளையும் அதோடு பின் செய்துவிடுங்கள்.

ஊசியைக் கடன் வாங்காதீர்கள்: புது வேலைக்காகப் பழைய வேலையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டு, கண்ணிகளை வேறு நூலில் கோத்து வைப்பது பலரின் வழக்கம். திரும்ப எடுக்கும்போது எந்த நம்பர் என்றே நினைவிருக்காது. அந்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு கைகளையும் ஒன்றாகப் போடுங்கள்: நீளமான ஒரே ஊசியில், இரண்டு தனி உருண்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பின்னலாம். கண்ணி ஏற்றுவது, குறைப்பது எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். நீளம் தப்பாது. முடியும்போது இரண்டும் சேர்ந்தே முடியும்.

வால் நூலை அன்றன்றே கோத்துவிடுங்கள்: புது உருண்டை சேர்க்கும் இடத்தில் 15 சென்டிமீட்டராவது விட்டு, அந்தத் துண்டு முடிந்த உடனே மொட்டை ஊசியால் பின்பக்கம் கோத்துவிட்டால், கடைசியில் முப்பது நாற்பது நூல் முனைகளைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை.

முடிப்பதற்கு என்று ஒரு பகல்

பின்னுவது ஒரு வேலை, இணைப்பது வேறொரு வேலை. ராத்திரி தூக்கக் கலக்கத்தில், டி.வி வெளிச்சத்தில் இணைக்க உட்கார்ந்தால் கோணலாகிவிடும். பிறகு, அதைப் பார்க்கப் பிடிக்காமலே பை மூடப்படும். நல்ல வெளிச்சமுள்ள ஒரு பகலை இதற்கென்று ஒதுக்குவதே நல்லது.

முதலில் துண்டுகளை விரித்துச் சீராக்க வேண்டும். கம்பளி என்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, மெத்தை மேல் ஒரு துணி விரித்து, அளவுக்கு இழுத்து ஊக்கு குத்திக் காயவிடலாம். ஓரம் சுருண்டு நின்ற துண்டு தட்டையாகும், மேடுபள்ளமாகத் தெரிந்த கண்ணிகள் சமமாகும். அக்ரிலிக் நூலுக்கு இது அவ்வளவாக எடுபடாது. அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடவும் கூடாது. நூல் இளகித் துணி உயிரற்றுத் தொங்கும்.

பிறகு, வரிசை முக்கியம். தோள்களை முதலில் இணைத்து, கழுத்துப் பட்டியை முடித்து, அதன் பின் கையின் மேல்வளைவை உடலோடு பொருத்த வேண்டும். நடுப்பகுதியைத் தோள் தையலில் ஊக்கு குத்தி நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் இறங்கினால் கோணாது. கடைசியாக, மணிக்கட்டில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையல். நல்ல பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரக்கண்ணியை ஒட்டியுள்ள குறுக்கு நூலை மாறி மாறிக் கோத்து இழுத்தால், தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இந்த இணைப்பு வேலையே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மன், வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னி, தையல் மிகக் குறைவாக வரும் ஸ்வெட்டர்களைப் பிரபலமாக்கினார். 1971-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ‘கண்ணீரில்லாமல் பின்னல்’ என்று பொருள்படும். இணைப்பதுதான் உங்களைத் தடுத்து நிறுத்துகிறது என்றால், அடுத்த ஸ்வெட்டரை அந்த முறையில் தொடங்கிப் பார்க்கலாம்.

ஆனால், அடுத்ததற்கு நூல் வாங்கப் போவதற்கு முன்பு, அலமாரியின் மேல்தட்டை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே உங்கள் பைகளுக்குப் பின்னால் வேறு யாருடைய பையாவது இருக்கிறதா? அம்மாவுடையது, அத்தையுடையது, கண் மங்கிப்போய் நிறுத்திய பெரியம்மாவுடையது? இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘முடிச்சுத் தரட்டுமா?’ என்று கேட்க வேண்டாம். எத்தனை கண்ணி என்று கேளுங்கள்.